ஊஞ்சல் தானாக ஆடினால்: காவிரி டெல்டாவில் நில அதிர்வு ஏன் ஆளுக்கொரு மாதிரி தெரிகிறது?

சுமத்ரா பக்கமோ வங்காள விரிகுடாவிலோ நிலம் பெரிதாக நடுங்கும்போதெல்லாம் கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் வரை ஒரே வாக்குவாதம் கிளம்பும். இரண்டாம் மாடியில் இருப்பவர், "ஊஞ்சல் தானாக ஆடியது, கட்டில் படகு மாதிரி அசைந்தது" என்பார். அதே தெருவில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, உங்களுக்குப் பித்தமாக இருக்கும்" என்பார். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் எண்ணெய்க் கிணறு, பெரிய கோயில், சுனாமி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

மாடிக்காரர் சொல்வதும் உண்மை, திண்ணைக்காரர் சொல்வதும் உண்மை. ஏன் என்று புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வருவோம். காரணம், டெல்டாவில் மக்களை அதிகம் பயமுறுத்தும் அதிர்வும் உண்மையிலேயே ஆபத்தான அதிர்வும் பெரும்பாலும் வேறு வேறு.

அளவு ஒன்று, உணர்வு பல

செய்தியில் "ரிக்டர் அளவில் 5.5" என்று வருவது நிலநடுக்கத்தின் அளவு. பூமிக்குள் எவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டது என்பதைச் சொல்லும் எண் அது. (பெரிய நிலநடுக்கங்களுக்கு இப்போது வேறு கணக்கு முறைதான் புழக்கத்தில் இருக்கிறது. ரிக்டர் என்ற பெயர் பத்திரிகைகளில் ஒட்டிக்கொண்டுவிட்டது.) ஒரு நிலநடுக்கத்துக்கு ஓர் எண்தான். அந்த எண் ஒன்று கூடினால் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும்.

இன்னொன்று உணர்வுச் செறிவு, அதாவது ஓரிடத்தில் ஆட்டம் எவ்வளவு பலமாகத் தெரிந்தது என்பது. இது ஊருக்கு ஊர், மாடிக்கு மாடி மாறும். I முதல் XII வரை பன்னிரண்டு படிகள். கோயில் திருவிழாவில் போடும் அதிர்வேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் கெட்டித்த மருந்து ஒரே அளவுதான். சன்னதித் தெருவில் நிற்பவருக்குக் காது அடைக்கும், ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவருக்கு "டொப்" என்று கேட்கும், அடுத்த ஊரில் நாய் மட்டும் குரைக்கும்.

அந்தப் பன்னிரண்டில் டெல்டாவுக்கு வேண்டியவை கீழ்ப்படிகள். இரண்டாம் படியின் வரையறை என்ன தெரியுமா? மேல்மாடியில் அசையாமல் இருக்கும் சிலர் மட்டும் உணர்வது. மூன்றாம் படி: வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும், ஆனால் நிலநடுக்கம் என்று பலர் நினைக்க மாட்டார்கள், லாரி ஒன்று போனதுபோல் இருக்கும். திண்ணைக்காரரும் மாடிக்காரரும் போடும் சண்டை இந்த வரையறைக்குள்ளேயே இருக்கிறது.

வயலுக்கு அடியில்

கல்லணைக்குக் கிழக்கே நாம் மிதிப்பது காவிரியும் அதன் கிளைகளும் கொண்டுவந்து போட்ட வண்டல். அதற்கும் கீழே பழைய கதை ஒன்று இருக்கிறது. பத்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கோண்டுவானா என்ற பெருநிலம் உடைந்து இந்தியா தனியாகப் பிரிந்தபோது, இந்தப் பகுதியின் பாறைத் தளம் துண்டு துண்டாக இறங்கியது. சில துண்டுகள் ஆழமாகப் போயின, சில மேடாக நின்றன. கும்பகோணத்திலிருந்து சீர்காழிப் பக்கம் போகும் புதைந்த மேடு, தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம் என்று எண்ணெய் தேடியவர்கள் இவற்றுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆழமான பள்ளங்களில் படிவுகளின் கனம் சில கிலோமீட்டர்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள்.

1. பூமிக்குள் பழைய முறிவுகள் உண்டு. ஆனால் இமயமலை அடிவாரம் போலவோ அந்தமான் போலவோ இரண்டு கண்டத் தட்டுகள் மோதும் இடமில்லை இது. ஆகவே உள்ளூரில் பெரிய நிலநடுக்கம் அரிது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2002-ஆம் ஆண்டு வரைபடம் நாட்டை II முதல் V வரை நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. அதில் தஞ்சாவூர் இருப்பது மிகக் குறைந்த இரண்டாம் மண்டலத்தில். சென்னையும் கோவையும் மூன்றில்.

2. மேலே கிடப்பது மெத்து மண். பாறையில் வேகமாக வந்த அலை மெத்து மண்ணுக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. சுமந்துவந்த ஆற்றல் எங்கேயாவது போக வேண்டுமே, அதனால் ஆட்டத்தின் வீச்சு பெரிதாகிறது.

இரண்டாவது விளைவை லேசாக நினைக்கக் கூடாது. 1985 செப்டம்பரில் மெக்சிகோவின் பசிபிக் கடற்கரையில் நிலம் நடுங்கியது. முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த மெக்சிகோ நகரத்தில்தான் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அந்த நகரத்தின் பெரும்பகுதி ஒரு பழைய ஏரியின் களிமண் மேல் கட்டப்பட்டது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூஜ் பக்கம் நடுங்கியபோது, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அங்கேயும் அடியில் இருந்தது சபர்மதி ஆற்றின் வண்டல்.

அருகில் நடுங்கினால் வெடுக், தொலைவில் நடுங்கினால் ஊசல்

நிலநடுக்க அலையில் வேகமான சின்ன அதிர்வுகளும் உண்டு, மெதுவான நீண்ட அதிர்வுகளும் உண்டு. பயணத் தூரம் கூடக் கூட வேகமானவை தேய்ந்துபோகும், மெதுவானவை மட்டும் மிஞ்சும். ராத்திரி தூரத்தில் சாமி புறப்பாடு போகும்போது கவனித்திருக்கலாம்: தவிலின் தொப்பிப் பக்கத்து "தொம் தொம்" வந்து சேரும், வலந்தலையின் படபடப்பு வழியிலேயே கரைந்துவிடும்.

டெல்டாக்காரர்கள் இரண்டு வகையையும் அனுபவித்திருக்கிறார்கள்.

1. 2001 செப்டம்பர் 25, இரவு எட்டரைக்குச் சற்று முன். புதுச்சேரிக்கு எதிரே கடலுக்கடியில் 5.5 அளவில் ஒரு நிலநடுக்கம். அருகில் நடந்ததால் வெடுக்கென்று உலுக்கல். பாத்திரம் கலகலத்தது, ஜன்னல் படபடத்தது, தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். உலுக்கல் சில வினாடிதான்.

2. 2004 டிசம்பர் 26, காலை ஆறரை. சுமத்ராவுக்கு அருகே 9.1. இங்கே ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து சேர்ந்தது மெதுவான ஊசல். படுத்திருந்த சிலர் கட்டில் ஆடுவதாக நினைத்தார்கள். நின்றிருந்தவர்களில் பலருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆற்றல் கணக்கில் இரண்டாவது முதலாவதைப் போல ஏறக்குறைய இரண்டரை லட்சம் மடங்கு. தெருவுக்கு விரட்டியது சின்னது. தலைச்சுற்றல் என்று தள்ளிவிடப்பட்டது பெரியது.

மாடியும் ஊஞ்சலும்

வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டியின் சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கினால் நுகத்தடியில் இருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உச்சியில் உட்கார்ந்திருப்பவர்தான் "ஐயோ" என்பார். கட்டடமும் அப்படித்தான். அடித்தளம் கொஞ்சம் நகர்ந்தால் மேல்தளம் நிறைய நகரும். அதோடு ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆடுவதற்கென்று சொந்தமான ஒரு தாளம் உண்டு. தோராயமாக ஒரு மாடிக்குப் பத்தில் ஒரு பங்கு வினாடி. ஓட்டு வீடு மெதுவான அலைக்கு அசைந்து கொடுக்காமல் தரையோடு தரையாகப் போய்வந்துவிடும். ஐந்து மாடிக் கட்டடம் அதைவிடச் சீக்கிரம் அந்தத் தாளத்தில் சேர்ந்துகொள்ளும்.

தொங்குகிற பொருள்கள் இன்னும் நன்றாகச் சொல்லும். எட்டடிச் சங்கிலியில் தொங்கும் கூடத்து ஊஞ்சல் ஒருமுறை போய்வர ஏறக்குறைய மூன்று வினாடி. ஓரடிக் கம்பியில் தொங்கும் மின்விசிறிக்கு ஒரு வினாடி போதும். குடத்துத் தண்ணீர் தளும்ப அரை வினாடி. ஆகவே ஒரு முரட்டுக் கணக்கு போடலாம்: ஊஞ்சலும் சரவிளக்கும் ஆடி, குடம் சும்மா இருந்தால் நடுக்கம் தொலைவில். குடம் தளும்பி, பாத்திரம் கலகலத்தால் அருகில். டெல்டா வீடுகளில் ஊஞ்சல் குறைந்துகொண்டே வருகிறது, அதனால் தூரத்து அதிர்வைக் காட்டும் ஒரு நல்ல கருவியும் குறைகிறது.

தலைச்சுற்றல் விஷயமும் இதே வகைதான். உடம்பு நிமிர்ந்து நிற்பதை உள்காது பார்த்துக்கொள்கிறது. தரை மெதுவாக அசையும்போது உள்காது "ஆடுகிறாய்" என்கிறது, கண் "சுவர் அப்படியே இருக்கிறதே" என்கிறது. இந்த முரண்பாடு குமட்டலாகவும் கிறுகிறுப்பாகவும் வரும். ஆட்டம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஆடுவதுபோலவே தோன்றும். ஜப்பானில் இதற்கு ஜிஷின்-யோய், அதாவது நிலநடுக்க மயக்கம் என்று பெயரே இருக்கிறது. நம் ஊரில் சர்க்கரை, ரத்த அழுத்தம், பித்தம் என்று போய்விடுகிறோம். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை சுற்றினால் மேலே தொங்கும் விளக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

நிலநடுக்கம் போலத் தோன்றும் சத்தம்

"பயங்கர சத்தம், வீடு அதிர்ந்தது" என்ற புகார் டெல்டா மாவட்டங்களில் அவ்வப்போது வரும். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 போர் விமான அணி இருக்கிறது. விமானம் ஒலியைவிட வேகமாகப் பறக்கும்போது காற்றில் ஓர் அழுத்த அலை உண்டாகி வீடுகள் மேல் வந்து மோதும். அதில் சத்தம் முதலில், கதவு ஜன்னல் அதிர்ந்து ஓரிரு வினாடியில் முடிந்துவிடும். ஊஞ்சல் ஆடாது. தூரத்து நிலநடுக்கமோ சத்தமே போடாது.

எண்ணெய்க் கிணறுகளால் வந்ததா?

பூமிக்குள்ளிருந்து எடுப்பதாலும் பூமிக்குள் செலுத்துவதாலும் நிலநடுக்கம் வருவது உண்மை. நெதர்லாந்தின் குரோனிங்கன் எரிவாயு வயலில் அப்படி வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கழிவுநீரை ஆழத்தில் செலுத்தியதால் வந்தது. அவையெல்லாம் வயலின் அருகிலேயே, அதிக ஆழமில்லாமல் நடப்பவை. சுமத்ராவில் தோன்றி இங்கே வந்து சேரும் ஊசலுக்கும் நரிமணம் கிணற்றுக்கும் சம்பந்தம் கிடையாது. டெல்டாவில் எண்ணெய்க் கிணறு வேண்டாம் என்பதற்கு விவசாயிகளிடம் நிலம், நீர் பற்றிய வலுவான காரணங்கள் இருக்கின்றன. அந்த வாதத்தில் சுமத்ராவைச் சேர்த்தால் வாதம்தான் பலவீனப்படும்.

அப்படியானால் நம் கட்டடங்கள்?

இரண்டாம் மண்டலம் என்றால் கவலையே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1993-இல் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பக்கம் 6.2 அளவில் நடுங்கி பத்தாயிரம் பேர் அளவுக்கு இறந்தார்கள். ஆபத்து மிகக் குறைவு என்று அன்றைய வரைபடம் குறித்திருந்த பகுதி அது. டெல்டாவில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, தூண் மேல் நிற்கும் வீடு. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இப்போது கார் நிறுத்தத் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் விட்டு மேலே மூன்று நான்கு மாடி எழுப்புகிறார்கள். மேலே சுவர்களோடு விறைப்பாக இருக்கும் பெட்டி, கீழே வெறும் தூண்கள். ஆட்டம் முழுவதையும் அந்தத் தூண்களே வாங்க வேண்டும். அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல இந்த வகை.

இரண்டாவது, தண்ணீரில் ஊறிய மணல். வலுவாகக் குலுக்கும்போது மணல் துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி விட்டுப்போய், கொஞ்ச நேரம் மண் கூழாகிவிடும். வீடு அதில் சாயும். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் ஆற்று மணல் படுகையும் கடற்கரையும் இதற்கு வாய்ப்புள்ள இடங்கள். தூரத்து ஊசலுக்கு இது நடக்காது, அருகில் பலமாக நடுங்கினால்தான்.

பெரிய கோயில் ஆயிரம் வருஷமாக நிற்கிறதே என்ற கேள்வி கட்டாயம் வரும். அகன்ற அடி, மேலே போகப் போகக் குறுகும் வடிவம், கனத்த கருங்கல்: விமானம் இயல்பாகவே நிலையானது. ஆனால் தஞ்சை நகரம் வண்டல் சமவெளியின் விளிம்பில், வல்லம் மேட்டுப் பகுதியை ஒட்டி இருக்கிறது. கோயில் நிற்பதை வைத்து நாகைக் கடற்கரையில் மணல் மேல் நிற்கும் வீட்டுக்கு உத்தரவாதம் தர முடியாது.

அந்தக் காலை: 6.28 முதல் 9 வரை

சரி, இனி கடல். 2004-இன் நேரக் கணக்கைப் பார்த்தால் உணர்வின் மதிப்பு புரியும்.

1. காலை 6 மணி 28 நிமிடம் 53 வினாடி: சுமத்ராவின் மேற்கே கடலுக்கடியில் முறிவு தொடங்கியது. அங்கிருந்து வடக்கே அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்துகொண்டே போக எட்டு முதல் பத்து நிமிடம் ஆயிற்று.

2. 6.33 வாக்கில்: முதல் அலைகள் பாறை வழியாக டெல்டாவை அடைந்தன. மெதுவான மேற்பரப்பு அலைகள் அதற்குச் சில நிமிடம் கழித்து. உணர்ந்தவர்கள் உணர்ந்தது இதைத்தான். மார்கழி ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் யாத்திரிகர் கூட்டம்.

3. ஒன்பது மணியளவில்: அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி என்று கடல் ஏறியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பாறைக்குள் அலை நிமிடங்களில் வந்துவிட்டது. கடலில் அலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட நேரத்தில் நிலம் ஒரு செய்தியைச் சொல்லியிருந்தது, அதைப் படிக்க யாருக்கும் சொல்லித் தரப்படவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பும் கிடையாது. ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது 2007 அக்டோபரில்.

கடற்கரையில் எடைபோட வேண்டியது ஆட்டத்தின் பலத்தைவிட அதன் நீளத்தை. பெரிய முறிவு கிழிய அதிக நேரம் எடுக்கும், அதனால் ஆட்டமும் அதிக நேரம் நீடிக்கும். எண்ண ஆரம்பியுங்கள். இருபது வினாடி தாண்டியும் மெதுவாக ஆடிக்கொண்டே இருந்தால், எவ்வளவு மென்மையாக இருந்தாலும், கரையை விட்டு உள்ளே போகலாம். 1896-இல் ஜப்பானின் சான்ரிக்கு கடற்கரையில் வந்த அதிர்வு மிக லேசானது. பிறகு வந்த கடல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

நீண்ட ஆட்டமெல்லாம் சுனாமியில் முடியாது. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் இரண்டு மணிக்குமேல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6, அப்புறம் நான்கு மணிக்குமேல் 8.2. தமிழகத்தில் கட்டடங்கள் ஆடின, எச்சரிக்கை வந்தது. ஆனால் கடலடித் தரை மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை கிளம்பவில்லை. எச்சரிக்கை விலக்கப்பட்டது. அன்று வீணாக அலைய வைத்துவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. தரை எந்தத் திசையில் நகர்ந்தது என்பது கருவிகளுக்குக் கொஞ்ச நேரத்தில் தெரியும், கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

உணர்வே இல்லையென்றால்? அதுவும் பாதுகாப்பு இல்லை. திண்ணைக்காரருக்கு அன்று ஒன்றும் தெரியவில்லை என்பதை மறக்க வேண்டாம். ஆகவே உணர்ந்தால் கிளம்பலாம், உணராவிட்டால் அறிவிப்பைக் கேட்க வேண்டும்.

கடல் உள்வாங்கும் என்று காத்திருக்கலாமா?

"சுனாமி வருமுன் கடல் உள்வாங்கும்" என்பது பள்ளிக்கூடச் சுவர் வரை போய்விட்ட பாடம். 2004-இல் தாய்லாந்தில் அப்படித்தான் நடந்தது. நம் கரையின் நிலைமை வேறு. முறிவின் மேற்குப் பக்கத்தில் கடலடித் தரை மேலெழுந்தது, கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. மேலெழுந்த நீர் நம் பக்கம் வந்தது, தாழ்ந்த நீர் தாய்லாந்து பக்கம் போனது. அதனால் தமிழகக் கரைக்கு முதலில் வந்து சேர்ந்தது ஏற்றம். கடல் உள்வாங்கியதைப் பலர் பார்த்தது அலைகளுக்கு நடுவே. உள்வாங்கினால் ஓட வேண்டும், சரி. உள்வாங்கட்டும் என்று நின்றால் முதல் அலைக்கே மாட்டிக்கொள்வோம்.

எங்கே போவது?

டெல்டாவில் ஏறி நிற்க மலை இல்லை. நிலம் மேற்கிலிருந்து கடலை நோக்கி மிக மெல்லச் சரிகிறது. ஆகவே வழி மூன்று: கடலுக்கு எதிர்த்திசையில் தூரமாகப் போவது, உறுதியான கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறுவது, புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போவது. ஆற்று முகத்துவாரத்தையும் வாய்க்கால் கரையையும் ஒட்டிய பாதை வேண்டாம். கடல் முதலில் உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான். பாலம் தாண்டித்தான் வெளியே வர வேண்டிய குப்பங்கள் முன்னதாகவே கிளம்ப வேண்டும். அலை ஒன்றோடு முடிவதும் இல்லை. மணிக்கணக்கில் மறுபடி மறுபடி வரும்.

கடலில் இருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். ஆழ்கடலில் சுனாமி அலையின் உயரம் சொற்பம். 2004-இல் அலை கிளம்பி இரண்டு மணி நேரத்தில் வங்காள விரிகுடாவுக்கு மேலே கடந்த ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்தது ஏறக்குறைய 60 சென்டிமீட்டர், அதுவும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்த மேடு. ஆழத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த விசைப்படகுக்கு அது அடியில் போனதே தெரியாது. கரையை நெருங்கி ஆழம் குறையக் குறையத்தான் அது நிமிர்கிறது. அதனால் வயர்லெஸ்ஸில் எச்சரிக்கை கேட்டால் படகை ஆழத்திலேயே நிறுத்திவைத்து, துறைமுகத்திலிருந்து விலக்கல் அறிவிப்பு வரும்வரை கரைப் பக்கம் திருப்பாமல் இருக்க வேண்டும். கரையில் இருப்பவர் படகை அவிழ்த்து மீட்கலாம் என்று அலைவாய்க்கு ஓடும் யோசனையையும் அன்றைக்கு விட்டுவிட வேண்டும்.